நாற்பது எலிகளும் ஒரு காலிக் கட்டமும்

ஆறு வருஷம் ஒரே ஆள்மேல் கோபமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நடுவில் காய்ச்சல் வரும், பல்வலி வரும், வீடு மாற வேண்டி வரும். கோபம் கொஞ்சம் கண் அசந்துவிடும். அதைத் தட்டி எழுப்பி, முகம் கழுவிவிட்டு, மறுபடி வேலைக்கு அனுப்ப வேண்டும். எலியக்கா அதை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்தாள்.

எலியக்கா என்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அவளைக் கூப்பிடும் பெயர். கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த எலிக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. ஆயிரத்து இருநூறு சுண்டெலிகள், எல்லாம் கறுப்பு. குளித்து, கவுன் மாட்டி, முகமூடி கட்டி, காலுக்கு உறை போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, சூடு குளிர் ஒரு டிகிரி கூடக் குறைய ஆகாது. மனுஷனுக்குக்கூட இப்படி யாரும் பார்த்துப் பார்த்துச் செய்வதில்லை என்று அவள் புருஷன் சொல்வான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன் அவன்; குளிர்ச்சி சம்பந்தப்பட்ட எதையும் மரியாதையோடு பேசுவான்.

ஆனால் எலியக்கா முதலில் அடித்தளத்து ஆள் இல்லை. மூன்றாம் மாடியில் நாலு வருஷம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள். அவளுடைய பேராசிரியர் ஊரறிந்த பெரிய மனிதர். பேசும்போது தலையை ஒரு பக்கமாகவே சாய்த்துப் பேசுவார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சாஞ்ச தராசு என்று பெயர். அவர் புகழெல்லாம் ஒரே ஒரு பொருளால் வந்தது. உடம்பு தானே தயாரிக்கும் ஒரு வளர்ச்சிக் காரணி அது. அது இல்லாமல் பிறந்த எலி கொழுத்துப் போகும். அதை ஊசியில் ஏற்றினால் இளைக்கும். பேராசிரியர் இதைக் கட்டுரையாக எழுதி, மேடை மேடையாகப் பேசி, சுவர் நிறைய பரிசுகள் மாட்டிவிட்டார்.

எல்லாம் ஆண் எலிகளில் செய்தது. பெண் எலி என்றால் அவருக்கு ஆகாது. "நாலு நாளைக்கு ஒரு குணம் அதுங்களுக்கு. கணக்குக் கெட்டுப் போகும்" என்று சிரிப்பார். சுற்றி நிற்கும் ஆண்களும் சிரிப்பார்கள்.

அவள்தான் கேட்காமல் பெண் எலிகளிலும் செய்து பார்த்தாள். பார்த்தால், அங்கே எல்லாம் தலைகீழ். காரணி இல்லாத பெண் எலி கொழுக்கவே இல்லை. ஊசி போட்ட பெண் எலியோ வயிறு தரையில் தேய்கிற அளவுக்குப் பெருத்தது. தன் கண்ணையே நம்பாமல் மூன்று தடவை செய்தாள். பிறகு பத்துப் பெண் எலிகளுக்குச் சினைப்பையை எடுத்துவிட்டு ஊசி போட்டாள். அவை ஆண் எலிகளைப் போலவே இளைத்தன. ஆக, நாலு நாள் குணம் என்று சிரித்துத் தள்ளுகிற சமாசாரம் இல்லை இது. பெண்ணுக்குச் சுரப்பது எதுவோ அந்தக் காரணியின் கையைப் பிடித்துத் திருப்பி, வேறு வேலை வாங்குகிறது. இரண்டு வருஷ உழைப்பு, ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம்.

நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். மனசுக்குள் அவ்வளவு பெருமை. பாராட்டுவார் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

மறுநாள் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த வாரக் கூட்டத்தில் அவர் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். "இந்தம்மாவுக்கு எடை போடத் தெரியலை. எலியை டம்ளர்ல போட்டு நம்பரை எழுதணும், அவ்வளவுதான். அதுகூட வரலை" என்றார். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்: எடைகள் நம்பத் தகுந்தவை அல்ல, எடுத்தவரின் கவனக்குறைவு. அதே வாசகம் பல்கலைக்கழகத்துக்கும் போயிற்று. பட்டம் போயிற்று. மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டும் சுற்றிச் சுற்றி, விளக்கம் கேட்டு அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தன.

கவனக்குறைவு என்ற ஒரு சொல்லோடு வேறெங்கும் போக முடியாது. அந்த மாதமே எலிக்கூடத்து ஆள் ஓய்வு பெற்றார். அவள் அந்த வேலைக்கு மனுப் போட்டாள். சூடு சொரணை இல்லாதவள் என்று மூன்றாம் மாடியில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவளுக்கு ஒரே ஆசைதான் பாக்கி இருந்தது: அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் முன்னால், உன் எடை சரி என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தைவிட்டுப் போவதில்லை என்று கறுவிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள்.

எலிக்கூடத்தில் எலி வாங்க ஒரு ஃபாரம் உண்டு. எந்த வகை, எத்தனை, என்ன வயசு, ஆணா பெண்ணா என்று நாலு கட்டம். பேராசிரியர் மூன்று கட்டம்தான் நிரப்புவார். நாலாவது எப்போதும் காலி. எலி என்றாலே ஆண்தானே, இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். பழைய பொறுப்பாளர் அந்தக் கட்டத்தில் தானே பென்சிலால் 'ஆண்' என்று எழுதிக்கொள்வாராம். எலியக்கா அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கேட்டாள்.

ஐந்தாவது தடவை அவர் எரிந்து விழுந்தார். "ஆண்னு தெரியாதா உனக்கு? ஒவ்வொரு தடவையும் கேக்கணுமா? இனிமே போன் பண்ணாத. ஃபாரத்தைப் பாத்து எலியைக் குடு. அதுக்குத்தான் சம்பளம்."

"சரிங்க சார்" என்றாள்.

அதற்கப்புறம் வந்த ஃபாரங்களுக்கெல்லாம், பழைய வழக்கப்படி ஆண் எலிகளையே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ஃபாரத்தின் பின்பக்கத்தை ஒருநாள் நிதானமாகப் படித்தாள். அங்கே பதினோராம் விதி இருந்தது. எல்லாரும் ஆணையே கேட்டு வாங்கிப் போக, பிறந்த பெண் எலிகள் எதற்கும் ஆகாமல் கொல்லப்படுகின்றன என்று எப்போதோ யாரோ மனசு வருந்தி எழுதிய விதி: ஆணா பெண்ணா என்று குறிக்காத ஃபாரத்துக்கு இரண்டிலும் சரிபாதி கொடுக்க வேண்டும். அந்த விதி இருப்பதே ஒருத்தருக்கும் தெரியாது. அவள் அதை மூன்று தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். சில்லறைச் சோதனைகளில் அதைச் செலவழிக்க அவளுக்கு மனசில்லை.

காத்திருந்ததற்குப் பலன் வந்தது. ஒரு மருந்துக் கம்பெனி அந்த ஊசியை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க முன்வந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். அனுமதி கொடுக்க வேண்டிய கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. சோதனையை எங்கள் கண் முன்னால் புதிதாக ஒருமுறை செய்ய வேண்டும். பேராசிரியரின் ஆட்கள் யாரும் எலியைத் தொடக் கூடாது. ஊசி, தீனி, எடை எல்லாம் எலிக்கூடமே பார்த்துக்கொள்ளும். எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர் என்பது முத்திரை போட்ட உறையில் இருக்கும். சோதனை ரகசியம் காக்க, வழக்கமான நீல, மஞ்சள் அட்டைகளுக்குப் பதிலாகக் கூண்டுகளில் எண் மட்டும் எழுதிய வெள்ளை அட்டை. நீலம் என்றால் ஆண், மஞ்சள் என்றால் பெண். வெள்ளைக்கு அர்த்தம் ஒன்றுமில்லை.

பேராசிரியரின் ஃபாரம் இறங்கி வந்தது. நாற்பது எலி, வயசு பத்து வாரம். நாலாவது கட்டம் காலி.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். போன் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அவர் போன் பண்ணாதே என்றாரா இல்லையா? என்றார். இருபது ஆண், இருபது பெண் பொறுக்கியெடுத்து, ஆணும் பெண்ணும் கலக்காமல் கூண்டுக்கு ஐந்தாக எட்டுக் கூண்டில் போட்டு, வெள்ளை அட்டை மாட்டினாள். ஒரு பொய் சொல்லவில்லை, ஒரு எழுத்து மாற்றவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் புருஷன் கேட்டான். "என்ன, எலி ஏதாவது ஜோக் சொல்லிச்சா?"

சொன்னாள். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

"கண்டுபிடிச்சா வேலை போயிடுமே."

"எதைக் கண்டுபிடிப்பாங்க? விதிப்படி குடுத்திருக்கேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். பதில் வச்சிருக்கேன்."

"உன்னைக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து ஒரு சந்தேகம். என்மேல ஏதாவது கோபம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு."

அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வாரம் அப்படித்தான் கழிந்தது. தினமும் காலையில் நாற்பது ஊசி. வாரம் ஒருமுறை எடை. பேராசிரியர் இரண்டு தடவை அடித்தளத்துக்கு வந்து, கவுன் மாட்டச் சோம்பல்பட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவளும் உள்ளேயிருந்து கட்டை விரலைக் காட்டினாள்.

கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கமிட்டி வந்தது. தலைவி ஒரு கால்நடை டாக்டர். அறுபது வயசு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. கூட ஓர் எழுத்தர், மடியில் கனமான நோட்டோடு. பேராசிரியர் கவுனுக்குள்ளும் டை கட்டியிருந்தார்.

எலியக்கா எடை போட ஆரம்பித்தாள். தராசில் பிளாஸ்டிக் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, எலியின் வாலடியைப் பிடித்துத் தூக்கி, டம்ளரில் இறக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, உரக்கப் படித்தாள். எழுத்தர் எழுதினார். நாற்பதும் முடிந்தது. தலைவி உறையைப் பிரித்து, கூட்டி வகுத்துப் பார்த்தார். மருந்து போட்டவை சராசரி முப்பத்தேழரை கிராம். உப்புநீர் போட்டவையும் முப்பத்தேழரை கிராம்.

"வித்தியாசமே இல்லையே, புரொபசர்" என்றார் தலைவி.

பேராசிரியர் முகம் சிவந்தது. யோசிக்கக்கூட இல்லை, பழகிய பதில் தானாக வாயில் வந்தது. "எடை போட்டது யாருன்னு பாருங்க மேடம். இந்தம்மாவுக்கு இது புதுசு இல்ல. இதே தப்பாலதான் ஒரு தடவை பட்டமே போச்சு. எடை போடத் தெரியாது இவங்களுக்கு."

எலியக்கா கையுறையைக் கழற்றினாள். புது ஜோடி ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"அப்ப நீங்களே போடுங்க சார். நாங்க பாக்கறோம்."

"அதுவும் சரிதான்" என்றார் தலைவி.

பதினைந்து வருஷமாக எலியையே தொடாத கை அது. கூண்டுக்குள் விட்டதும் எலிகள் நாலு மூலைக்கும் ஓடின. ஒன்றின் வாலை நுனியில் பிடித்தார். அது வளைந்து மேலேறிச் சுண்டு விரலை ஒரு கடி கடித்தது. "ஆ" என்று உதறினார். எழுத்தர் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். எலியக்கா மறைக்கவில்லை. மூன்றாவது முயற்சியில் எலி டம்ளருக்குள் விழுந்தது.

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு" என்று அவரே படித்தார். அவள் படித்ததும் அதுதான். அடுத்தது. அதுவும் அதேதான். அந்தக் கூண்டு முழுக்க அவர் கையாலேயே போட்டார், ஐந்தும் ஒத்துப்போயின. தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஐந்தாவது எலியை லாகவமாக வாங்கி, வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது பெண்ணாச்சே."

தலைவி மளமளவென்று மற்ற கூண்டுகளையும் பார்த்தார். பிறகு ஆணைத் தனியாக, பெண்ணைத் தனியாகக் கூட்டினார். மருந்து போட்ட ஆண் எலிகள் ஏழு கிராம் இளைத்திருந்தன. மருந்து போட்ட பெண் எலிகள் ஏழு கிராம் பெருத்திருந்தன. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகியிருந்தன.

"நான் ஆண்தான் கேட்டேன்!" என்று பேராசிரியர் கத்தினார்.

எலியக்கா ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். முன்பக்கம் காலிக் கட்டம். பின்பக்கம் பதினோராம் விதி.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார் தலைவி.

"கேட்டுக்கிட்டுதான் மேடம் இருந்தேன். இனிமே போன் பண்ணாத, ஃபாரத்தைப் பாத்து எலியைக் குடுன்னு சார்தான் சொன்னார்."

தலைவி அவளை ஒரு மாதிரி பார்த்தார். நம்பினாரா, புரிந்துகொண்டாரா தெரியாது. "அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லி டீ குடிக்கப் போனார்.

எலியக்கா கூண்டு கழுவும் அறைக்குப் போனாள். மெஷின் இரைச்சலில் பேராசிரியர் பின்னால் வந்ததே தெரியவில்லை. விரலில் பேண்டேஜ் சுற்றியிருந்தார். டையைத் தளர்த்தியிருந்தார். அவர் தலை நேராக இருந்து அவள் பார்த்தது அன்றுதான்.

"இங்க பாரு. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றார். "நாளைக்கே பல்கலைக்கழகத்துக்கு எழுதறேன். அந்தக் குறிப்பை எடுத்துடறேன். ஆறு மாசத்துல உனக்குப் பட்டம். நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்: சார் வாயால ஆண்னு சொன்னார், நான்தான் மறந்துட்டேன்னு."

உள்ளதைச் சொன்னால், அவள் மனசு ஆடியது. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். மாடியில் ஒரு மேஜை. அவள் கண் முன்னால் அத்தனையும் வந்து நின்றது. கழுவி வந்த ஒரு கூண்டை எடுத்து அடுக்கின் மேல் கவிழ்த்தாள்.

"அதாவது, மறுபடியும் நான் கவனம் இல்லாதவள்னு சொல்லணும். இந்தத் தடவை நானே என் வாயால."

"வெறும் வார்த்தைதானே."

"உங்களுக்கு வெறும் வார்த்தை சார். அந்த ஒரு வார்த்தையாலதான் நான் ஆறு வருஷமா எலிப் புழுக்கை அள்றேன்." "அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே? என் எடை சரின்னு தெரிஞ்சுதானே எழுதுனீங்க?"

அவர் கழுவின கூண்டுகளைப் பார்த்தார். "பத்துப் பெண் எலிக்கு ஆபரேஷன் பண்ணியிருந்தியே. அதைப் பாத்ததும் தெரிஞ்சுது" என்றார் மெதுவாக. "எனக்குப் பெரிய பரிசு வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது அப்ப. நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பட்டம் எனக்கு வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா அதைவிட நீங்க தலைகுனியறதைப் பாக்கணும். வாங்க, டீ குடிச்சு முடிச்சிருப்பாங்க."

ஆவணக் கிடங்கிலிருந்து தன் பழைய நோட்டை முன்தினமே எழுதிக்கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். அதைத் தலைவியின் முன்னால் வைத்தாள். தலைவி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெண் எலி, மருந்து, எடை ஏற்றம்: ஏழு கிராம், ஏழேகால், ஆறே முக்கால். கடைசிப் பக்கத்துச் சிவப்பு மைக்கு வந்ததும் நின்றார்.

"புரொபசர், இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"இந்த எடையெல்லாம் நம்ப முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு மருந்து போட்ட பெண் கூண்டை உங்க கையாலயே எடை போட்டீங்க, அதே கணக்கு வந்திருக்கு. இது தப்புன்னா இன்னிக்கு நீங்க போட்டதும் தப்பு. உங்களுக்கே எடை போடத் தெரியலைன்னு எழுதிக்கறோம். இது சரின்னா, இந்தக் குறிப்பு தப்பு. ஆறு வருஷமா பெண்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சே மறைச்சிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. எழுதணும்."

பேராசிரியர் கதவைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார், கெஞ்சுகிற பார்வை. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அவங்க எடை சரிதான்" என்றார். உதடு மட்டும் அசைந்தது போலிருந்தது.

எழுத்தர் பேனாவை ஓட்டினார்.

இந்த நிமிஷத்துக்காக அவள் எத்தனை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறாள்! மனசு குளிரும், அழுகை வரும், எல்லாம் முடிந்தது என்று எழுந்து போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது.

"எழுதறவருக்குக் காதுல விழலை போலிருக்கு சார்" என்றாள். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "விழுந்துதும்மா. எழுதிட்டேனே."

"எனக்கு விழல" என்றாள் எலியக்கா.